முதலில் துப்பாக்கியா, ஜெனரேட்டரா?

புயல் சீசன் வந்தால் எங்கள் ஹூஸ்டன் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று, எந்தக் கடையில் தண்ணீர் கேஸ் மிச்சமிருக்கிறது. இன்னொன்று, "டெக்சாஸில் ராத்திரி நம் பொருளை எவன் தொட்டாலும் சுடலாம், சட்டமே இருக்கு." முதலாவதற்கு நன்றி. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சட்டம் இருப்பது உண்மை. டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42ஆம் பிரிவு, இரவுத் திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்கும் அளவு பலத்தைப் பயன்படுத்தவும் இடம் கொடுக்கிறது. ஆனால் ஃபார்வர்டு செய்கிறவர்கள் பின்பாதியை வெட்டிவிடுகிறார்கள். அது அந்த நொடியே தேவை என்று நம்ப வேண்டும். பொருளைக் காக்கவோ மீட்கவோ வேறு வழியில்லை, அல்லது வேறு வழியில் போனால் தன் உயிருக்கே ஆபத்து என்றும் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை நியாயமானதா என்று முடிவு செய்வது சுட்டவர் அல்ல, ஜூரி.

தப்பியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2007இல் இங்கே பக்கத்திலுள்ள பாசடீனாவில் ஒருவர், அடுத்த வீட்டில் திருடிய இருவரைச் சுட்டுக் கொன்றார். உள்ளேயே இருங்கள் என்று 911 (அவசர உதவி எண்) ஊழியர் போனில் சொல்லச் சொல்லத்தான் வெளியே போனார். வழக்கு நடத்தலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றம் சாட்டவில்லை. ஆனால் 2023இல் நியூயார்க் மாநிலத்தில், வழி தவறித் தன் வீட்டு டிரைவ்வேக்குள் வந்து திரும்பிய காரைச் சுட்டவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. இறந்த பெண்ணுக்கு வயது 20.

கராஜில் பொறி வைக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: அயோவாவில் ஒருவர் காலி வீட்டில், கதவைத் திறந்தால் சுடும்படி துப்பாக்கியைக் கதவோடு கம்பியால் இணைத்து வைத்தார். பழைய கண்ணாடி ஜாடி திருட வந்தவனுக்குக் காலில் படுகாயம். திருடனுக்கு 30,000 டாலர் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை 1971இல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வேண்டாம் சாமி.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஒருநாள் இரவு பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. என் கணவர் டார்ச்சோடு போய்த் திறந்தால், எதிர்வீட்டுக்காரர் கையில் பால் பாட்டில். எங்களுடையது கேஸ் அடுப்பு, அவர்களுடையது மின் அடுப்பு. அந்தப் புயலில் மாநில சுகாதாரத் துறைக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். 161 பேர் குளிரில், 19 பேர் கார்பன் மோனாக்சைடில். எங்கள் குழு அதற்குப் பிறகும் திருடனைப் பற்றித்தான் பேசியது.

சேமித்து வைப்பதைப் பற்றிய சட்டம் யாருக்கும் தெரிவதில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, பன்னிரண்டு மூட்டை சோனா மசூரி வாங்கிய ஒருவர், "இது பதுக்கல் கேஸாகிவிடுமா?" என்று ரகசியமாகக் கேட்டார். ஊர் நினைப்பு! சாப்பிட வாங்கி வைப்பதை இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. பேரிடர் அறிவித்த பிறகு அநியாய விலைக்கு விற்றால்தான் டெக்சாஸில் தப்பு. கலிபோர்னியாவில் அவசரநிலை அறிவித்த பிறகு பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலே குற்றம். டென்னசியில் 17,700 பாட்டில் சானிடைசர் வாங்கிக் குவித்த சகோதரர்கள் கடைசியில் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. ஏப்ரல் கடைசியில் ஒரு வார இறுதியில் 3,000 டாலருக்குக் குறைவான, தூக்கிச் செல்லும் வகை ஜெனரேட்டருக்கு இங்கே விற்பனை வரி கிடையாது. (டாய்லெட் பேப்பருக்கு உண்டு. யார் யோசித்தார்களோ!) வீட்டோடு பொருத்தும் ஜெனரேட்டரை எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) தடுக்க முடியாது என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. மழைநீர்ப் பீப்பாயையும் அவர்கள் தடுக்க முடியாது.

ஜெனரேட்டருக்கு எங்கள் எச்ஓஏவில் விண்ணப்பித்திருக்கிறேன். எங்கே வைப்பது என்பதில் மட்டும் இழுபறி. இடத்தைச் சொல்லும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. படிவம் வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.