கெய்சர் வால்வை அடைக்காதீர்கள்

வீட்டுக் குழாய் ரிப்பேர் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். குழாய் சொட்டினால் நீங்களே வாஷர் மாற்றுங்கள், பெரிய கசிவென்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்கிறது அது. சரிதான், ஆனால் சுவருக்குள் ஓடும் பைப் கசிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாதே! பெயிண்ட் உப்பி உதிரும், அவ்வளவுதான். உடனே பெயிண்டரைக் கூப்பிட்டுப் பட்டி பார்ப்பவர்கள்தான் அதிகம். அது மறுபடி உப்பும்.

இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்திவிட்டு மாடித் தொட்டியின் மட்டத்தை அடையாளம் வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. முதல் சந்தேகம் ஃபிளஷ் டேங்க் மேல். அதில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது, சின்ன வேலைதான். இறங்காவிட்டால் சுவரை உடைப்பதற்கு முன் அனுபவமுள்ள பிளம்பரிடம் காட்டுங்கள்.

கட்டுரையில் விட்டுப்போனது கெய்சர். தண்ணீர் சூடானால் விரியும். அந்த அழுத்தம் வெளியேறத்தான் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. சூடாகும்போது சில சொட்டுகள் விழுவது இயல்பு. 'ஒழுகுது' என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டேங்க் வெடிக்கலாம். விடாமல் ஒழுகினால் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லுங்கள்.

ஷவர் அடைப்புக்கு மட்டும் ஆள் வேண்டாம். போர் தண்ணீர் உப்புதான் காரணம். கழற்றி வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் போதும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் முலாம் போய்விடும்.