மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள்

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி தன் கட்டுரைக்கான படங்களைக் காட்ட வந்தார். மடிக்கணினியைத் திறந்து, ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் ஒரு வரைபடத்தை வரவழைத்தார். படச் சாளரம் சதுரமாகத் திறந்தது. உடனே சுட்டியால் அதன் மூலையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், இன்னும் ஒரு விரற்கடை இழுத்தார். பிறகு நகலெடுத்து வேர்டில் ஒட்டிவிட்டு, "இப்போது சரியாக இருக்கிறது சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் 14 படங்கள் இருந்தன. பதினான்கையும் இப்படித்தான் இழுத்து இழுத்துச் செய்தேன். தரவில் ஓர் எண் தவறு என்று தேர்வாளர் சுட்டிக்காட்டினார். எண்ணைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படங்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மூன்று இரவுகள் ஆயின, அப்படியும் எதுவும் பழையபடி வரவில்லை. வரைந்த நிரல் பத்திரமாகத்தான் இருந்தது. அளவு மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை. அது என் மணிக்கட்டில் இருந்திருக்கிறது.

தரவைச் சுத்தம் செய்வதை வரி வரியாக நிரலில் எழுதுகிறோம். எந்தச் சோதனை, எந்த மாதிரி என்பதையும் எழுதுகிறோம். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் கைக்கு விட்டுவிடுகிறோம், அது ஏதோ கடைசியில் பூசுகிற பவுடர் என்பதுபோல. அளவும் ஆய்வின் ஒரு பகுதிதான் என்பது என் கட்சி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

நம்பாதவர்கள் சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1700 முதல் 1988 வரை ஆண்டுக்கு ஒன்றாக 289 எண்கள், ஆர் மொழியோடு கூடவே வரும் தரவு. அப்படியே வரையச் சொன்னால் 7 அங்குலச் சதுரத்தில் ஊசி ஊசியாக எழும்பி நிற்கும். சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதையே 12 அங்குல அகலம், 2.5 அங்குல உயரம் என்று வரைந்து பாருங்கள். ஏற்றம் செங்குத்தாகவும் இறக்கம் சாய்வாகவும் இருப்பது கண்ணில் படும். புள்ளிகள் வேகமாகப் பெருகி மெதுவாகக் குறைகின்றன, அதுவும் உயரமான சிகரங்களில் இது நன்றாகவே தெரியும். ஓர் எண்ணையும் தொடவில்லை, படத்தின் சட்டகத்தை மட்டும் மாற்றினோம். புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாண்டும் அவருடைய கூட்டாளிகளும் 1988-இல் இதைத்தான் எழுதினார்கள்: கோடுகளின் சாய்வு 45 பாகையை ஒட்டி இருக்கும்போது சாய்வுகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கண் நன்றாகப் பிரித்தறிகிறது. ஆருக்காகத் தீபாயன் சர்க்கார் எழுதிய லாட்டிஸ் என்ற வரைபடத் தொகுப்பில் இந்த விகிதத்தை மென்பொருளே கணக்கிட்டுத் தரும் வசதி இருக்கிறது. என் மாணவர்களில் அதைப் பயன்படுத்தியவர் ஒருவரும் இல்லை.

அந்த 2.5 அங்குலத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆர் தன் பாட்டுக்குக் கீழே 1.02 அங்குலமும் மேலே 0.82 அங்குலமும் ஓரமாக விடும். மிச்சம் 0.66 அங்குலம்தான் படத்துக்கு. உயரத்தை 1.5 என்று கொடுத்தால் ஓரத்துக்கே போதாது. "படத்தின் ஓரங்கள் மிகப் பெரியவை" என்று ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். ஆர் நிரல் எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் படப் பலகத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு வரைகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பாதிப் பேர் தரவில் ஏதோ கோளாறு என்று பயந்து எனக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். பலகத்தைப் பெரிதாக்குங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து, படத்தைச் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பு. அளவு சொல்லாவிட்டால் 480-க்கு 480 பிக்சல். இதழ்க்காரர்கள் "தெளிவு போதாது" என்று திருப்பி அனுப்புவார்கள். நம்மவர் உடனே ஒரு சுழியைச் சேர்த்து 4800-க்கு 4800 ஆக்குவார். எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். காரணம் எளிது. அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று நாம் சொல்லவில்லை, அதனால் ஆர் 72 என்று வைத்துக்கொள்கிறது. 4800-ஐ 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 67 அங்குலம். ஐந்தரை அடித் தாள் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அதில் 12 பாயின்ட் எழுத்தைப் போட்டுக் கொடுக்கிறது. பாவம், அது சொன்னதைத்தான் செய்கிறது. நம்மவர் அதன் பிறகு எழுத்தைப் பெரிதாக்கி, கோட்டைத் தடிமனாக்கி, புள்ளியை ஊதி, ஒரு நாளைக் கழிப்பார்.

அளவை அங்குலத்தில் சொல்லுங்கள். பிறகு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று சொல்லுங்கள். எழுத்து தானாகச் சரியாக நிற்கும். எத்தனை அங்குலம் என்பதை முடிவு செய்வது படம் போய் உட்காரப்போகும் இடம். நேச்சர் அறிவியல் இதழில் ஒரு பத்தியின் அகலம் 89 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். 7 அங்குலத்தில் வரைந்து அங்கே கொண்டுபோய்ச் சொருகினால் 12 பாயின்ட் எழுத்து 6 ஆகிவிடும். முதலிலேயே மூன்றரையில் வரைந்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

ஆரில் படம் வரைய ஜிஜிபிளாட் என்ற தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்று நினைக்கிறார்கள். படத்தைச் சேமிக்கும் அதன் ஜிஜிசேவ் கட்டளையில் அளவு கொடுக்காவிட்டால், அந்த நேரத்தில் படப் பலகம் எந்த அளவில் திறந்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். ஒரே நிரல், ஒரே தரவு, ஆனால் என் கணினியில் ஒரு படம், உங்கள் கணினியில் வேறொரு படம். பைதான் நிரல் மொழிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். அவர்கள் படம் வரையும் மேட்பிளாட்லிப் யாரும் கேட்காமலே 6.4-க்கு 4.8 அங்குலம் தருகிறது, அங்குலத்துக்கு 100 பிக்சல் வீதம். பெருக்கிப் பார்த்தால் 640-க்கு 480, பழைய கணினித் திரை. அதுவும் யாரோ எடுத்த முடிவுதான், உங்களுடையது அல்ல.

சாளரத்தை இழுப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. தரவோடு முதல்முறை பழகும்போது நானும் இழுத்து, நீட்டி, குறுக்கிப் பார்க்கிறேன். பார்த்துப் பிடித்த அளவை நிரலில் எழுதாமல் எழுந்து போவதுதான் தவறு. ஆர்ஸ்டுடியோவில் புதிய சாளரத்துக்கு அளவு கொடுத்தாலும் அது தன் பலகத்திலேயே வரையும், நீங்கள் சொன்ன அளவைக் கண்டுகொள்ளாது. தனிச் சாளரம் வேண்டுமென்றால் ஆர்ஸ்டுடியோவின் பலகம் வேண்டாம் என்று கட்டளையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாணவியிடம் திரும்புவோம். வேர்டில் ஒட்டியதை அழிக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. மூன்றரைக்கு இரண்டரை அங்குலம் என்று எழுதி மறுபடி வரைந்தார். எந்தக் கோடு எந்த மாவட்டம் என்று சொல்லும் விளக்கப் பெட்டி பாதிக் கோடுகளை மறைத்துக்கொண்டு நின்றது. பெட்டியை மேலே, கீழே, வெளியே என்று நகர்த்திப் பார்த்தார், எங்கும் அடங்கவில்லை. கடைசியில் பெட்டியையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் மாவட்டத்தின் பெயரை எழுதினார். "இப்படியே நன்றாக இருக்கிறதே சார்" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. இன்னும் எட்டுப் படங்கள் பாக்கி. தேநீர் சொல்லிவிட்டு இரண்டாவதைத் திறந்தோம்.