சூலூரில் பறந்த மணி நேரம் எல்லாம் அப்படியே செல்லாதுங்க

விமானப்படையிலிருந்து வரும் விமானிக்கு ஏர்லைன் வேலை நேராகக் கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியில்லைங்க. எந்த விமானத்தில் பறந்தார் என்பதைப் பொறுத்தது.

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் ஏஎன்-32 போக்குவரத்து விமானம் ஓட்டியவருக்கு இரட்டை எஞ்சின், இரு விமானி அனுபவம் கையிலேயே இருக்கிறது. அங்கேயே பறக்கும் தேஜஸ் போர் விமானம் ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை. அதனால் தேஜஸ் விமானி மல்டி எஞ்சின் ரேட்டிங், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானம் ஓட்டும் தகுதி, தனியாக எடுக்க வேண்டும். ஒரு சார்ட்டி (ஒருமுறை பறந்து இறங்குவது) பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவதால், ஏர்லைனில் கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கான 1500 மணி சேரவும் வருடங்கள் ஆகும். அதில் 100 மணி இரவில், 100 மணி இன்ஸ்ட்ருமென்டில், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்ததாக இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மணியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அது வேறு பிரிவு.

வேலை தடைபடுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். விமானி உரிமம் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வை எழுத முதலில் கம்ப்யூட்டர் நம்பர் என்கிற பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பத்தாவது, பன்னிரண்டாவது சான்றுகள் தேவை, பன்னிரண்டில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இந்த ஒரு வித்தியாசமே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பப் போதும். ராணுவப் பணிக்குத் தயார்படுத்தும் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படிக்கும்போதே பெற்றோர் இதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

பறந்த மணிகளைப் பதியும் லாக் புக்கில் கேப்டனாகப் பறந்தது, துணை விமானியாகப் பறந்தது, பயிற்சி மூன்றையும் பிரித்துக் காட்டி, யூனிட்டை விட்டு மாறுவதற்கு முன்பே அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். ஏர்லைன் விமானிக்குத் தேவையான கிளாஸ் 1 மருத்துவச் சான்றையும் பணியில் இருக்கும்போதே தொடங்கலாம்.