பாப் பார்க்கர் கப்பலும் டீசல் கணக்கும்

கடல் பாதுகாப்புக்காகப் போராடும் கப்பல் என்றாலே நம் ஆட்களுக்கு நினைவு வருவது மோதல் வீடியோதான். அண்டார்க்டிகா பக்கம் பனிக்கட்டிகளுக்கு நடுவே இரண்டு கப்பல்கள் உரசிக்கொள்ளும், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், யாரோ கத்துவார்கள். சீ ஷெப்பர்ட் அமைப்புக்குப் பேரும் பணமும் வந்தது இந்தக் காட்சிகளால்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய 'பாப் பார்க்கர்' கப்பல் உருப்படியாகச் செய்த வேலையில் பெரும்பகுதி கேமராவுக்குச் சுவாரஸ்யமில்லாத வேலை என்பது என் கட்சி.

கப்பலின் பூர்வீகமே வேடிக்கையானது. 1950இல் நார்வேயில் கட்டப்பட்டபோது அது திமிங்கிலம் பிடிக்கும் கப்பல். 2009இல் சீ ஷெப்பர்ட் வாங்கியபோது பணம் கொடுத்தவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பாப் பார்க்கர். 50 லட்சம் டாலர். அவர் பெயரையே கப்பலுக்கு வைத்துவிட்டார்கள். 2010 ஜனவரி 6 அன்று ஜப்பானியக் கப்பலோடு மோதி முனை உடைந்துபோன, சீ ஷெப்பர்டின் இன்னொரு படகான ஆடி கில்லிலிருந்தவர்களை ஏற்றிக்கொண்டதும் இதே கப்பல்தான். அடுத்த மாதமே டோகோ நாடு தன் கொடியை, அதாவது கப்பலின் பதிவை, பிடுங்கிக்கொண்டது. கொடி இல்லாத கப்பலுக்குக் கடலில் ஊர் பேர் கிடையாது. அப்புறம் நெதர்லாந்து கொடி கொடுத்தது.

2013 பிப்ரவரியில் நிஷின் மாரு என்ற ஜப்பானியத் திமிங்கில வேட்டைத் தாய்க்கப்பல் எண்ணெய் நிரப்ப விடாமல், அதற்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் நடுவே புகுந்தது பாப் பார்க்கர். மூன்றும் இடித்துக்கொண்டன. யார் இடித்தது என்று இரு தரப்பும் இன்றைக்கும் ஒருவரையொருவர் கை காட்டும். அந்தப் பருவத்தில் ஜப்பானியர்களுக்குக் கிடைத்தது 103 மிங்கி திமிங்கிலங்கள்தான், இலக்கில் ஒரு சிறு பங்கு. அதனால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எண்ணெய்க் கப்பலை நடுவில் வைத்துக்கொண்டு இப்படி விளையாடுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அங்கே எண்ணெய் கொட்டியிருந்தால் எந்தத் திமிங்கிலத்தைக் காப்பாற்றியதாகக் கணக்கு எழுதுவது? தவிர, அந்த வேட்டைத் திட்டத்துக்கு 2014 மார்ச்சில் பெரிய அடி கொடுத்தது சர்வதேச நீதிமன்றம். ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கு அது.

நான் பேச வந்தது அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய கதையை.

தண்டர் என்று ஒரு திருட்டு மீன்பிடிக் கப்பல். பல பெயர், பல கொடி மாற்றிய பேர்வழி. இன்டர்போல் ஏற்கெனவே அதைத் தேடிக்கொண்டிருந்தது. டூத்ஃபிஷ் என்னும் ஆழ்கடல் மீன்தான் குறி, உணவகங்களில் சிலியன் சீ பாஸ் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகும். டிசம்பர் 17 அன்று தென் கடலில் பாப் பார்க்கர் இதைக் கண்டுபிடித்தது. தண்டர் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடியது. பாப் பார்க்கர் பின்னால் போனது. 110 நாட்கள், பத்தாயிரம் கடல் மைலுக்கு மேல்.

துரத்தல் என்றதும் வேகத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பல நாட்கள் இரண்டு கப்பலும் இன்ஜினை அணைத்துவிட்டு அலையோடு மிதந்தன. யாரிடம் எண்ணெய் முதலில் தீரும் என்பதுதான் போட்டியே. மேல்தளத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் ரேடாரைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு எதிராளி விளக்கை அணைத்துவிட்டு நழுவலாம். இன்ஜின் அறையில் ஐம்பது, அறுபது வருடத்து இரும்போடு மல்லுக்கட்ட வேண்டும். சமையலறையில் இருப்பதை வைத்து எத்தனை வாரம் ஓட்டலாம் என்று கணக்குப் போட வேண்டும் (இவர்கள் கப்பல்களில் இறைச்சி, மீன், பால் எதுவும் கிடையாது, பருப்பும் தானியமும்தான்). பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கேப்டன் பீட்டர் ஹாமர்ஸ்டெட்.

இதைவிட என்னை அசத்தியது கூட வந்த சாம் சைமன் கப்பலின் வேலை. அதன் கேப்டன் சித்தார்த் சக்ரவர்த்தி, நம் நாட்டுக்காரர். தண்டர் விட்டுப்போன செவுள் வலைகளை அவர்கள் கடலிலிருந்து இழுத்தார்கள். 72 கிலோமீட்டர்! கப்பலோ ஜப்பானிய வானிலைத் துறையின் பழைய கப்பல், வலை இழுக்கவென்று கட்டியதல்ல. வாரக்கணக்கில் குளிரில் நின்று இழுத்து, சிக்கிய மீன்களைச் சாட்சியத்துக்காகக் குறித்துவைத்து, வலையை மொரிஷியஸில் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். கரையிலிருந்து வலை இழுத்துப் பார்த்தவர்களுக்கு 72 கிலோமீட்டர் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2015 ஏப்ரல் 6 அன்று ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ தோமேயின் கடலில் தண்டர் மூழ்கியது. நாற்பது பேரையும் காப்பாற்றியது துரத்தி வந்த கப்பல்களே. அதற்கு நடுவில் பாப் பார்க்கரின் ஆட்கள் சிலர் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் ஏறினார்கள். தண்ணீர் புகாமல் அடைத்திருக்க வேண்டிய கதவுகள் திறந்தபடி கட்டிவைக்கப்பட்டிருந்தன. தடயத்தை அழிக்கத் தாங்களே மூழ்கடித்திருக்கிறார்கள் என்று புரிந்துபோனது. வரைபடங்களையும் கிடங்கிலிருந்து ஒரு மீனையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சாவோ தோமே நீதிமன்றம் கேப்டனுக்கும் இன்ஜினியர்கள் இருவருக்கும் தண்டனை விதித்தது, அபராதம் 1.5 கோடி யூரோவுக்கு மேல்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தண்டரில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியத் தொழிலாளிகள். துரத்திய 110 நாளும் அவர்களும்தான் அந்த இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். சீ ஷெப்பர்ட் ஆட்கள் புட்டிகளில் இந்தோனேசிய மொழியில் கடிதம் போட்டு எறிந்தார்கள், அவ்வளவுதான் முடிந்தது. முதலாளி பக்கம் சட்டம் போய்ச் சேர 2018 ஆனது. கலீசியாவைச் சேர்ந்த ஒருவருக்கு ஸ்பெயின் அரசு 82 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

2016க்குப் பிறகு பாப் பார்க்கர் இன்னும் சத்தமில்லாத வேலைக்குப் போனது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக்கு அத்தனை பெரிய கடலைக் கண்காணிக்கப் போதுமான ரோந்துக் கப்பல் இல்லை. சீ ஷெப்பர்ட் கப்பலையும் டீசலையும் மாலுமிகளையும் கொடுத்தது. ஏறிச் சோதனை போட்டவர்கள் காபோன் அதிகாரிகளும் கடற்படை வீரர்களும்தான். 2017இல் லைபீரியாவிலும் இதே ஏற்பாடு. அங்கே கரையிலிருந்து ஆறு கடல் மைல்வரை சிறு மீனவர்களுக்கென்று ஒதுக்கியது. பெரிய இழுவைப் படகுகள் அதற்குள் நுழைவதுதான் அவர்களுக்குத் தலைவலி.

"அப்படியானால் அரசாங்கத்துக்கு எடுபிடியாகிவிட்டார்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு விதத்தில் ஆமாம். அதுதான் சரி என்கிறேன். நடுக்கடலில் நீங்களே போலீஸ், நீங்களே நீதிபதி என்று நின்றால் 2013இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னதுபோல் உங்களையும் கடற்கொள்ளையர் என்பார்கள். கைது செய்யும் அதிகாரம் உள்ளவரை ஏற்றிக்கொண்டு போனால் பிடிபட்டவன் துறைமுகத்துக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால் வெளிநாட்டு நன்கொடையில் ஓடும் கப்பலை நம்பி ஒரு நாடு எத்தனை வருடம் தன் கடலைக் காக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பாப் பார்க்கரையே 2022இல் துருக்கியில் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். எழுபது வயது தாண்டிய கப்பல், செலவு கட்டாது. கப்பலில் வேலை பார்த்தவர்கள் நம் நண்பர் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு ரோந்துக் கப்பலை வருடம் முழுக்க ஓட்ட என்ன ஆகும், சின்ன நாடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா என்று கீழே எழுதுங்கள்.