கரைவலையும் ஒரு தலைப்புத்தான்

புதன்கிழமை என் அக்காவின் மகளுக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

இறுதி வருடப் பிள்ளை. கரைவலை என்பது கடலில் வளைத்து, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை. உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) பூட்டி அதை இழுக்கத் தொடங்கிய பிறகு, கையால் இழுத்தவர்களின் பங்குக்கு என்ன ஆனது என்று தன் ஊர்க் கரையில் மட்டும் ஆய்வு செய்யக் கேட்டாள். முன்மொழிவைப் பாதி வாசிக்கும்போதே விரிவுரையாளர் ஒருவர், "மீன்காரர் கதை எழுதவா கம்பஸுக்கு வந்தீர்?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அவளுடைய அப்பா இருபது வருடம் வலை இழுத்தவர்.

நான் சொல்வது ஒன்றுதான். நேரில் போய்ப் பார்க்கவும் கேட்கவும் எண்ணவும் முடிகிற விஷயம்தான் நல்ல தலைப்பு. சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது.

பட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். என் காலத்தில் எனக்குக் கிடைத்தது 'கிழக்கு மாகாணப் பொருளாதார வளர்ச்சியில் சுற்றுலாத்துறையின் தாக்கம்'. மூன்று மாவட்டம், ஆறு மாதம், பஸ் காசுக்கே வழியில்லாத நான். 150 வினாக்கொத்து அடித்தேன், 41 திரும்பி வந்தது. நிலாவெளியில் ஒரு விடுதிக்காரர் தந்த தாளின் முன்பக்கத்தில் ஒரு புள்ளடிகூட இல்லை. பின்பக்கத்தில் அன்றைய மீன் கணக்கு: பாரை, நெத்தலி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று. என் ஆய்வே அந்தப் பின்பக்கத்தில்தான் இருந்தது. விடுதிக்கு வருகிற காசில் கரைக்கு எவ்வளவு போகிறது? அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். அம்பாறைப் பக்கம் போகாமலே 'கிழக்கு மாகாணம்' என்று அட்டையில் அடித்துக் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு கரையை வைத்துப் பொதுவாக எதையும் சொல்ல முடியாது என்பார்கள். சரி, பொதுவாகச் சொல்ல வேண்டாம். அந்தக் கரையைப் பற்றி உண்மையைச் சொல்லட்டும். போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் இலங்கையின் தெற்கே மாவெல்ல என்ற கரைவலைக் கிராமத்தை வைத்து 1982இல் ஒரு முழு நூலே எழுதினார். எட்மண்ட் லீச் என்ற இன்னொரு மானிடவியலாளர் இங்கே புல் எலிய என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் வயலையும் குளத்து நீரையும் வைத்து எழுதியதை 1961இலிருந்து உலகம் படிக்கிறது. அவர்கள் செய்தால் ஆய்வு, எங்கள் பிள்ளை செய்தால் மீன்காரர் கதையா?

இதைப் படித்து வேலை கிடைக்குமா என்றும் கேட்பார்கள். 'ஊழியர் ஊக்குவிப்பு செயலாற்றுகையில் ஏற்படுத்தும் தாக்கம்' என்று வருடா வருடம் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டதா? விரிவுரையாளர்களுக்கு வேலைப்பளு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பதற்கு நேரம் இருந்ததே.

எனக்கு வலிப்பது வேறு. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எங்கெங்கோ இருந்து எழுதுகிறார்கள். அங்குள்ள சீனன்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் தாங்கிகளைப் பற்றி டில்லியில் இருந்தும் எழுதுகிறார்கள். வின்ச் ஓட்டலாமா கூடாதா என்று கரையெல்லாம் சண்டை நடக்கிறது. அந்தக் கயிற்றைப் பிடித்த கைகளைப் பற்றி எழுத, அந்தக் கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அனுமதி இல்லை. எங்களைப் பற்றி நாங்கள் எழுதினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

தலைப்பை மாற்ற அவளுக்குத் திங்கள் வரை தவணை. மாற்றாதே என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை அவர்கள் முன்னால் நிற்கப்போவது அவள்தான், தெரியும். இருந்தும் சொன்னேன். வாடைக் காற்று கிளம்பினால் கரைவலை நின்றுவிடும், அவள் கையில் இருப்பது புரட்டாதி மட்டும்தான்.

இன்று விடிய ஐந்து மணிக்குக் கரைக்குக் கூட்டிப்போனேன். கையால்தான் இழுத்தார்கள். 22 பேர், வலையின் மடி கரை சேர ஒன்றரை மணி நேரம். நனைந்த கொப்பியை மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் குந்தினார். "பிள்ளை, வின்ச் ஓடின வருசம் எனக்கு வந்த பங்கைச் சொல்லுறன், எழுது" என்றார். எழுதினாள்.