கேப் போடும் வரை வேலை முடியவில்லை
'ரூட் கேனல் முடிந்துவிட்டால் அந்தப் பல்லைப் பற்றிய கவலை தீர்ந்தது' என்று பல் சிகிச்சை பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். ரூட் கேனல் என்பது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை. கட்டுரை சொல்வது பாதிதான் சரி. கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் மேலே கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். சொத்தை தின்றது போக, வேருக்குள் இறங்க வழி வேண்டி மேலிருந்தும் குடைகிறார்கள். மிஞ்சும் சுவர் மெல்லியது, மெல்லும்போது வரும் அழுத்தமோ முழுக்க அதன்மேல்தான். என் சித்தி, வலிதான் போய்விட்டதே என்று கேப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கோகுலாஷ்டமிச் சீடையைக் கடித்தபோது பல் நெடுக்காகப் பிளந்து, ஒரு துண்டு ஈறில் ஒட்டிக்கொண்டு ஆடியது. விரிசல் ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டதால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. நரம்பு எடுத்த பல், கூச்சம் காட்டி முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யாது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'கேப் எல்லாம் காசு பிடுங்கத்தான்' என்கிறார். முன்பல் என்றால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பல்லின் பெரும்பகுதி மிச்சமிருந்தால் அடைத்தாலே பல நேரம் போதும். கடைவாய்ப் பல்லுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஜிர்கோனியா என்ற பல் நிறக் கேப் கட்டுப்படியாகாவிட்டால் உலோகக் கேப் இருக்கிறது, வெள்ளையாக இருக்காதே தவிர நன்றாக உழைக்கும். அப்புறம், ரூட் கேனலுக்குச் சொல்லும் தொகையில் கேப்பும் சேர்த்தியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் அது தனிக் கணக்கு.