வாதத்தில் வெல்லும் பிள்ளைகள்

பிள்ளைகளை வெட்டியும் ஒட்டியும் பேசவைத்தால் சிந்தனை கூர்மையாகும் என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜோனத்தன் எல்லிஸ் அதை மறுக்கிறார். நான் அவர் பக்கம்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் இருக்கும் அவர் ஆராய்வது, நமக்குப் பிடித்த முடிவை முதலில் பற்றிக்கொண்டு காரணங்களைப் பிறகு திரட்டும் பழக்கத்தை. இதில் என்னை அச்சுறுத்துவது, அப்படிச் செய்கிறவருக்கு அது தெரிவதே இல்லை என்பதுதான். நேர்மையாக யோசிப்பதாகவே அவர் உணர்கிறார். படிப்பும் காப்பாற்றுவதில்லை. தத்துவ அறிஞர் எரிக் ஷ்விட்ஸ்கெபெல், உளவியலாளர் ஃபியரி குஷ்மன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறச்சிக்கல்களை முன்வைக்கும் வரிசையை மாற்றியதும் தத்துவ அறிஞர்களின் தீர்ப்பும் மாறியது. பிறகு அவர்கள் ஒப்புக்கொண்ட பொதுக் கொள்கைகூட அந்த வரிசைக்கு ஏற்ப வேறுபட்டது! புத்திசாலிக்குக் காரணம் கண்டுபிடிக்கும் திறமை அதிகம். எனவே தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகமாகலாம் என்று எல்லிஸும் ஷ்விட்ஸ்கெபெலும் வாதிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்குத்தான் விவாதப் போட்டி பயிற்சி தருகிறது என்று 2019இல் எல்லிஸ் இன்னொருவருடன் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார். எந்தப் பக்கம் பேசுவது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. மாணவரின் வேலை அதற்குச் சான்று தேடுவது மட்டுமே. இரு பக்கமும் மாறி மாறிப் பேசினால் இரண்டும் புரியுமே என்பார்கள். புரியலாம். ஆனால் எது சரி என்று எடைபோடும் தருணம் அந்த மேடையில் வருவதே இல்லை. "நீங்கள் சொல்வது நியாயம், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு அங்கே எந்த நடுவர் பரிசு தருவார்?

எல்லிஸ் முன்வைக்கும் மாற்று எதிக்ஸ் பவுல். இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் லாடென்சன் 1993இல் தொடங்கிய போட்டி அது. சிக்கலான அற நிலைமைகளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அணிகள் தாம் உண்மையில் நம்புவதைச் சொல்லலாம்; இரண்டும் ஒரே கருத்தில் இருந்தாலும் குற்றமில்லை. மறுதரப்பின் பார்வையை எவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

அங்கும் மதிப்பெண்ணுக்காகப் பணிவு காட்டி நடிக்கலாமே என்று கேட்கலாம். நடிக்கட்டும். எதிர்க்கருத்தின் வலுவான வடிவத்தைத் தேடிப் படிக்காமல் அந்த நடிப்பு எடுபடாது. நம் பள்ளி ஆண்டு விழாக்களில் விவாதப் போட்டியோடு இதையும் சேர்க்க வேண்டும். ஆசிரிய நண்பர்கள் யாராவது தொடங்குவதாக இருந்தால், நிலைமைகளைத் தமிழில் எழுதித்தர நான் தயார்.